ஆற்றோடு போனவர்கள்: கோல குபு வெள்ளமும் வடசிலாங்கூர்த் தோட்டத்து முன்னோரும்

1883 அக்டோபர் 29ஆம் தேதி, உலு சிலாங்கூரில் கோல குபு ஊருக்கு மேலே இருந்த பழைய அணை உடைந்தது. ஈய லம்பங்களுக்கு, அதாவது சுரங்கங்களுக்கு, நீர் தேக்கித் தந்துவந்த அணை அது. மலைமழை சேர்ந்து தேங்கிய நீர் ஒரே மூச்சில் இறங்கியதில் ஊர் சிதைந்தது. பலர் மாண்டனர். அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் சிலாங்கூர் வரலாற்றைப் பேசும் நூல்களில் எல்லாம் வருகிறது. சிசில் ராங்கிங், உலு சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் மாவட்ட அதிகாரி. நீதிபதி வேலையும் வரி வசூலும் அவர் பொறுப்பில் இருந்தன. பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலம் அது.

வெள்ளத்தைப் பற்றி மக்கள் சொல்லும் கதை வேறு. அணைக்குக் காவலாக ஒரு வெள்ளை முதலை இருந்ததாம். அது கிராமாட், அதாவது தெய்வத்தன்மை உள்ளது, தொடக்கூடாதது. ஊரார் தடுத்தும் கேட்காமல் ராங்கிங் அதைச் சுட்டாராம், அணை உடைந்ததாம். உடைந்த அணையின் பெயரிலேயே, அம்பாங் பெச்சா என்று, அந்தப் பழைய ஊர் இன்று அழைக்கப்படுகிறது. அந்த வட்டாரத்தில் விசாரித்தால் முதலைக் கதை தெரியாத பெரியவர் இருக்கமாட்டார்.

இந்தக் கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றோடு காலங்காலமாக வாழ்ந்தவர்களுக்கு, அதைத் தொடும் முன் கேட்க வேண்டியவர்களைக் கேட்காத ஓர் ஆட்சி வந்து சேர்ந்ததைச் சொல்ல வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு துரையும் ஒரு முதலையும் மேடையை நிரப்பிவிட்டதால் மற்ற இறந்தவர்கள் காணாமல் போனார்கள். அணையை யார் பராமரித்தார்கள், மேலே மலைச்சரிவில் மண்ணை யார் கிளறினார்கள் என்ற கேள்விகளும் கூடவே போய்விட்டன.

ராங்கிங்கின் வம்சாவளியைத் தேடும் ஒருவருக்கு வழி திறந்தே கிடக்கிறது. சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அக்காலச் சிங்கப்பூர் இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. இங்கிலாந்துத் தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது ஆண்டு பின்னே நடந்துபோகலாம்.

அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொரு வகைத் தேடல் நடக்கிறது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களில், "எங்க பாட்டனாரு ஆத்து வெள்ளத்துல போயிட்டாரு" என்று தொடங்கும் பேச்சைக் கேட்கலாம். எந்த வெள்ளம், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சில வீடுகளில் பெயரே மறைந்து, "பெரிய தாத்தா" என்ற உறவுமுறை மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த மரணங்களைத் தேதிக்குள் கொண்டுவர முடியும் என்பது என் கருத்து. அதற்குத் தேவையான தடயங்களில் பாதி நம் வீட்டு வழக்கங்களிலேயே இருக்கிறது.

முதலில் 1883ஐப் பார்த்துவிடலாம். அந்த வெள்ளத்தில் தங்கள் முன்னோர் இறந்ததாக நம்பும் தமிழ்க் குடும்பங்கள் சற்று நிதானிக்க வேண்டும். அன்றைய உலு சிலாங்கூர் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீன லம்பக்காரர்களும் வாழ்ந்த இடம். சாலை வேலைக்கும் அரசு ஏவல் வேலைக்கும் வந்த தமிழர் சிலாங்கூரில் இருந்தார்கள். ராங்கிங்கின் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பியூன் இருந்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் தோட்டத் தமிழர் சமூகம் என்று ஒன்று அந்த வட்டாரத்தில் அப்போது இல்லை. காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பரும் வந்த பிறகுதான் ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளான கங்காணிகள் ஆள்கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தபின் அந்த வரத்து பெருவெள்ளமாயிற்று. எனவே வடசிலாங்கூர்த் தோட்டக் குடும்பம் ஒன்றில் ஆற்றில் இறந்த முன்னோர் என்றால், அவர் இருபதாம் நூற்றாண்டுக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் 1883 அவர்களுக்குத் தொடர்பில்லாத ஆண்டும் அல்ல. அந்த அணை யாருக்காக நீர் தேக்கியதோ அதே ஈயத் தொழில்தான் கீழ்ப்பகுதி வெள்ளங்களையும் பெருக்கியது. எப்படி என்பதை ஆற்றின் போக்கிலேயே பார்க்கலாம்.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கம், தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கிறது. கோல குபுவில் சரிவைவிட்டு இறங்குகிறது. ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியாகச் சமநிலத்தில் வளைந்து வளைந்து வந்து, கோல சிலாங்கூரில் மெலாவத்தி குன்றின் அடியில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மேலே வேகம், கீழே மந்தம். மேலே மலைச்சரிவைப் பீச்சுநீரால் அரித்து ஈயம் எடுத்தார்கள். கழுவப்பட்ட மணலும் சேறும் ஆற்றில் இறங்கின. வேகமான நீர் சுமந்துவந்த மணல், வேகம் குறையும் இடத்தில் படிந்தது. ஆற்றின் படுகை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. படுகை உயர்ந்தால், அதே அளவு மழைக்குக் கூடுதல் உயரத்தில் வெள்ளம் நிற்கும், கணக்கு அவ்வளவுதான்.

கோல குபு இந்தக் கணக்கில் தோற்றது. கரைகட்டிப் பார்த்தார்கள். மணல் விடவில்லை. ஆறு ஊரைவிட உயரத்தில் ஓடும் நிலை வந்தது. 1921இல் மலாயாவின் அரசு நகர அமைப்பாளராகப் பொறுப்பேற்ற சார்லஸ் ரீட், பாதுகாப்பான மேட்டில் ஒரு புதிய ஊருக்குத் திட்டம் வரைந்தார். நியூசிலாந்தில் பிறந்தவர், தோட்டநகரக் கொள்கையில் ஊறியவர். கடைத்தெருவுக்கும் வீடுகளுக்கும் நடுவே பசும்புல்வெளி விட்டு அவர் வரைந்த ஊர்தான் கோல குபு பாரு. 1920களின் பிற்பகுதியில் தொடங்கி 1930களின் தொடக்கத்துக்குள் மக்கள் அங்கே பெயர்ந்தார்கள். நகர அமைப்பு மாணவர்கள் இன்றும் அந்த ஊரை நடந்து பார்க்கிறார்கள்.

மேலே இருந்த ஊருக்கு மேடு கிடைத்தது. கீழே இருந்த தோட்டங்களுக்கு?

கீழ்ப்பகுதியின் தோட்டக் கதை ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே 1905இல் மலாயா வந்து, பிறகு ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பிடித்து ரப்பர் வைத்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் அவர் நட்டதுதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஃபோகோனியே பின்னாளில் 'மலேசி' என்ற நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். தோட்டத் துரை ஒருவரின் பெயர் இலக்கிய வரலாற்றிலும் விவசாய வரலாற்றிலும் இரட்டையாக நிலைத்தது. அந்தச் செம்பனைக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்கள் தமிழர்கள். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் ஏறவில்லை.

நிலத்தின் மேடுபள்ளமும் சமூகத்தின் மேடுபள்ளத்தைப் பின்பற்றியது. பல தோட்டங்களில் துரை பங்களா குன்றின்மேல் இருந்தது. கிராணி (எழுத்தர்) வீடு பாதி மேட்டில். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் தண்ணீருக்கும் வேலைக்காட்டுக்கும் பக்கமாக, தாழ்வான இடத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் பெருநீர் ஏறும்போது ஆற்றுநீர் முகத்துவாரத்தில் தயங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து மலையிலும் கனமழை பெய்தால், வடிய வழியில்லாமல் லயத்துக்குள் தண்ணீர் வரும். மேலே லம்பம் இறக்கிய மணல் இந்தத் தயக்கத்தை இன்னும் நீட்டியது. லயத்தில் இறந்தவரின் மரணத்தை விதி என்று எழுதி முடித்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனித் தேதி. வடசிலாங்கூர்க் குடும்பம் ஒன்று "பெரிய வெள்ளம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று 1926 டிசம்பர் கடைசியில் தீபகற்பத்தையே மூழ்கடித்த வெள்ளம். கிளந்தானில் அதைச் செந்நீர் வெள்ளம் என்ற பொருளில் 'பா ஆயேர் மேரா' என்கிறார்கள். கோலாலம்பூரும் அப்போது மூழ்கியது. மற்றொன்று 1971 ஜனவரி. கோலாலம்பூரில் 32 பேர் இறந்ததாகவும் ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டதாகவும் பதிவான அந்த வெள்ளத்தைத் துன் அப்துல் ரசாக் அரசு தேசியப் பேரிடராக அறிவித்தது. வெள்ளத் தடுப்பை வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் முதன்மை வேலைகளில் ஒன்றாக்கியதும் அதுதான்.

இரண்டுமே மார்கழி வெள்ளம். "மார்கழியில, பஜனை நடந்துக்கிட்டிருந்தப்ப" என்று பாட்டி சொன்னதாக ஒரு குடும்பம் நினைவு வைத்திருந்தால், அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. திதி பிரித்துவிடும்.

1927 ஜனவரி 3 அமாவாசை. அன்று ஒரு சூரிய கிரகணமும் நேர்ந்தது. ஆகவே 1926 டிசம்பர் கடைசி வாரம் முழுவதும் தேய்பிறை. 1971 ஜனவரியில் நிலைமை நேர்மாறு. டிசம்பர் 28 அமாவாசை. கோலாலம்பூர் மூழ்கிய ஜனவரி 4, 5 தேதிகள் வளர்பிறை அஷ்டமி, நவமியை ஒட்டி வருகின்றன. வீட்டில் ஆண்டுதோறும் தாத்தாவுக்குத் திவசம் கொடுக்கிறார்கள், அது மார்கழித் தேய்பிறையில் வருகிறது என்றால், ஆண்டு தெரியாத குடும்பத்துக்கும் 1926 என்று ஒரு வலுவான ஊகம் கிடைக்கிறது. வளர்பிறை அஷ்டமி என்றால் 1971 பக்கம் திரும்பலாம். தமிழ் ஆண்டின் பெயர் ஏதாவது கடிதத்திலோ ஜாதக ஓலையிலோ இருந்தால் இன்னும் நல்லது. 1926இன் மார்கழி அட்சய ஆண்டில் வருகிறது. 1970–71இன் மார்கழி சாதாரண ஆண்டில் வருகிறது.

இதே முறையை 1883க்குப் பொருத்திப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அது சுபானு ஆண்டு. வட இந்தியாவில் அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 30. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி அஜ்மீரில் காலமானது அந்தத் தீபாவளி நாளில்தான். கோல குபு அணை உடைந்தது அதற்கு முதல் நாள், ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியை ஒட்டி. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முன்னோருக்குப் படையல் போடுவது தீபாவளிக்கு முதல் நாள்தான். ராங்கிங்கோடு இறந்தவர்களில் ஒரு தமிழர் இருந்திருந்தால், அவருடைய நாள் எல்லா முன்னோர் நாளோடும் கலந்து தனியாகத் தெரியாமலே போயிருக்கக்கூடும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உடல் கிடைக்காதவர்களுக்கும் நாள் தெரியாதவர்களுக்கும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுக்கும் வீட்டில் திதி எதையும் சொல்லாது. ஆனால் உடல் கிடைக்கவில்லை என்ற செய்தியைச் சொல்லக்கூடும், அதுவும் தகவல்தான். இரண்டு நாள் கழித்துச் சதுப்பில் உடல் கிடைத்திருந்தால், கிடைத்த நாளையே திதியாக வைத்த குடும்பங்களும் இருக்கும். ஆகவே ஓரிரு நாள் முன்பின் விட்டே கணக்குப் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மேயிலும் மேற்குக்கரையில் வரும் சிறு வெள்ளங்கள் தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் ஓரிருவரைக் கொண்டுபோனதுண்டு. ஐப்பசித் திதி, சித்திரைத் திதி என்று வந்தால் அந்தத் திசையில் தேட வேண்டும்.

ஊகம் கிடைத்தபின் காகிதத்துக்குப் போகலாம். தோட்டங்களின் தலையாய பதிவேடு செக்ரோல். மாதத்துக்கு ஒரு செக்ரோல். இடப்பக்கம் ஆள் எண், பெயர். அதற்கு வலப்பக்கம் முப்பத்தோரு சிறு கட்டங்கள், நாளுக்கு ஒன்று. முழுநாள் வேலைக்கு ஒரு குறி, அரைநாளுக்கு இன்னொரு குறி, வராத நாளுக்கு வேறு குறி. கடைசியில் கூலி, அரிசி முன்பணம், பிடித்தம். ஒருவர் இறந்தால் அந்த வரிசை மாத நடுவிலேயே நின்றுபோகும். அடுத்த மாதச் செக்ரோலில் அந்த ஆள் எண் வேறொருவருக்குப் போகலாம். வெள்ள மாதத்தின் செக்ரோல் கிடைத்தால், பல வரிசைகளில் ஒரே நாட்களில் குறி இல்லாமல் இருக்கும். அது தோட்டமே வேலை நின்ற நாள். அதற்குப் பிறகும் குறி திரும்பாத வரிசைதான் தேடுபவர் நின்று பார்க்க வேண்டிய வரிசை.

பெயரை மட்டும் நம்பிவிடக்கூடாது. கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்தவர், மலையாளிகள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். முனியாண்டி, முனியன், முனிசாமி மூவரும் ஒருவரே ஆகலாம். ஒரே தோட்டத்தில் பல மாரிமுத்துகள் இருக்கலாம். தகப்பன் பெயரும் கங்காணி பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம்பலாம். கங்காணி பெயர் தெரிந்தால் அவர் எந்த ஊரில் ஆள்கட்டினார் என்பதும் தெரிய வரும். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை, ஒரு கங்காணியின் கூட்டம் பெரும்பாலும் அவரது ஊரைச் சுற்றிய கிராமங்களிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டில் முன்னோர் ஊரைத் தேடுபவர்களுக்கும் இதுவே நூல்முனை.

பதிவேட்டில் 'நீரில் மூழ்கி' என்று இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் காய்ச்சல் வரும். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவை எதிர்த்துப் போராடியதே, தேங்கிய நீருக்கும் தோட்ட மரணத்துக்கும் உள்ள தொடர்பை நன்கு உணர்ந்ததால்தான். வெள்ளத்தில் நனைந்து, லயத்துச் சேற்றில் படுத்து, சில வாரம் கழித்து இறந்தவரை ஆஸ்பத்திரி 'காய்ச்சல்' என்றுதான் எழுதியிருக்கும். குடும்பம் 'வெள்ளத்தில் போனார்' என்று சொன்னதும் பொய்யல்ல. இரண்டு பதிவும் ஒரே மரணத்தைப் பேசக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறந்தவர் 1942க்கும் 1945க்கும் இடையில் வாலிபராக இருந்தவர் என்றால், 'ஆற்றில் போனார்' என்ற ஆறு சிலாங்கூர் ஆறாக இல்லாமலும் இருக்கலாம். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் தமிழர்களைச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் குவாய் நொய் ஆற்றங்கரை முகாம்களில் காலரா பரவியபோது தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். திரும்பி வந்த சிலர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே செய்தி, ஆற்றங்கரை, மழை, சாவு என்பதுதான். இரண்டு தலைமுறை கழிந்ததும் அந்தச் சயாம் ஆறு வீட்டுக்குப் பக்கத்து ஆறாக மாறிப்போவது மிக இயல்பு. வெள்ளத்தில் இறந்தவர் என்று தேடித் தேடிக் களைத்த குடும்பங்கள் இந்தக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

பெயரில்லாமல் போனவர்கள் மலாயாவில் மட்டும் இல்லை. 1924 ஜூலையில் மூணாற்றை அழித்த வெள்ளத்தைக் கேரளம் கொல்லம் ஆண்டை வைத்து '99 வெள்ளம்' என்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அதில் அடித்துச் செல்லப்பட்டது. பிறகு கட்டப்படவே இல்லை. அந்த ரயிலின் எஞ்சின், தண்டவாளம், பாலம் எல்லாவற்றையும் ஆர்வலர்கள் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்பதே நமக்குத் தாமதமாகத்தான் தோன்றியிருக்கிறது.

வடசிலாங்கூரில் காலம் குறைவு. தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிகின்றன, கிராணி அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய செக்ரோல்கள் கரையானுக்கும் நெருப்புக்கும் போகின்றன. கோயில் நிர்வாகங்களிடமும் தமிழ்ப்பள்ளி வாரியங்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: தோட்டச் சுடுகாட்டுக் கல்லறைகளில் உள்ள எழுத்துகளைப் படமெடுத்து வையுங்கள். கோயில் வரவுசெலவு நோட்டில் கருமாதிக்கு வாங்கிய கட்டணம் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்கங்களைக் காப்பாற்றுங்கள். ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட அதிகக் கருமாதி நடந்திருந்தால், வெள்ளத்துக்கு அதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

1971 ஜனவரியில் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். முதலில் அவர்களிடம் போக வேண்டும். தண்ணீர் லயத்தின் எந்தப் படிவரை வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பகலா இரவா, யாரை எங்கே கூட்டிக்கொண்டு போய்த் தங்கவைத்தார்கள், யார் திரும்பவில்லை, அவருக்கு எந்தத் திதியில் கொடுக்கிறார்கள், அவரைக் கட்டிவந்த கங்காணி பெயர் என்ன என்று கேட்டு, பதிலை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, ராங்கிங்கின் கோப்பு இருக்கும் அதே ஆவணக் காப்பகத்துக்குள் நாமும் நுழையலாம்.